போதைப் பொருளும் அரசின் வரவு செலவும் – ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு நிருவாகிகள் பணித்தபோது, கல்வியின் பெருமையைப் பற்றியே எழுதுவோம் என எண்ணினோம். ஆனால் நம் மேசைமீது இருந்த பதிவேடு ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

இடையில் பள்ளியை விட்டு நின்ற மாணவர்களின் பட்டியலில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. முப்பது ஆண்டுக்கும் மேலாக ஆசிரியப் பணியில் இருந்து வரும் நாம், அக்கட்டத்தில் எத்தனையோ முறை ‘வறுமை’ என்றும் ‘குடும்பச் சூழல்’ என்றும் எழுதியிருக்கின்றோம். ஓராண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கில் வகுப்பின் முதல்வன், திடீரென நின்றுவிட்டான். வழக்கம்போல் ‘வறுமை’ என எழுதிக் கையொப்பமிட்டோம். சில திங்கள் கழித்து அவன் வாழும் சேரிக்கு வேறொரு காரியமாகச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. தந்தை குடியினால் ஈரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். தாய் தனியாளாய்க் கடனை அடைக்க இயலாமையால், மகன் செங்கற் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தான். தந்தை விரைவில் மாண்டார். மகன் பள்ளிக்குத் திரும்பவில்லை. நம் பதிவேட்டிலோ இன்றுவரை ‘வறுமை’ என்றே இருக்கின்றது. நாம் எழுதியது முழுப்பொய் அன்று. ஆயினும் மெய்யும் அன்று. கேட்டு அறியாமல் கட்டத்தை நிரப்பினோம் என்பதே நம்மீது உள்ள குற்றம்.

ஒரு தலைமையாசிரியர் செய்த இக்குற்றத்தை அரசுகளும் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளன. போதைப் பொருளிலிருந்து எவ்வளவு வருவாய் வருகின்றது என்பதை அவை காசு கணக்காக அறிந்திருந்தன. அப்பொருள் மனிதனை என்ன செய்கின்றது, ஏன் சிலர் மட்டும் மீள முடியாமற் போகின்றனர் என்பதை அறியச் செலவிட்ட பொருளோ மிகச் சிறிது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்ணல் இட்ட கணக்கு

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பம்பாய்ச் சட்ட மன்றத்தில் கல்வி மானியத்தின்மீது டாக்டர் அம்பேத்கர் உரையாற்றினார். அம்மாகாணத்தில் தலைக்கு 14 அணாவே கல்விக்குச் செலவிடப்படுகின்றது. ஆனால் கலால் வரியாக மக்களிடமிருந்து தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் பெறப்படுகின்றது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கலால் வரியாக எவ்வளவு எடுக்கின்றீர்களோ, அவ்வளவேனும் மக்களின் கல்விக்குத் திருப்பிச் செலவிடுவதே முறை என்பது அவர் வாதம்.

இங்கே கருத்தூன்ற வேண்டுவது ஒன்றுண்டு. குடிக்கும் ஏழையை அவர் அன்று பழிக்கவில்லை. அவனிடமிருந்து பொருள் பெறும் அரசையே கணக்குக் கேட்டார். அதே அண்ணல்தான் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது ஏற்பித்த 22 உறுதிமொழிகளுள், மது அருந்துவதில்லை என்பதையும் ஒன்றாக வைத்தார். மக்களிடம் உறுதிமொழியும் அரசிடம் கணக்கும் கேட்டவர் அவர். நாமோ உறுதிமொழியைப் போற்றிக் கணக்கை மறந்துவிட்டோம்.

1893ஆம் ஆண்டின் இரு ஆணைக்குழுக்கள்

போதைப் பொருள் குறித்து இந்தியாவில் அரசுச் செலவில் நடைபெற்ற முதற்பெரும் ஆய்வுகள் இரண்டும் 1893ஆம் ஆண்டில் தொடங்கின. ஒன்று கஞ்சாவைப் பற்றியது; மற்றொன்று அபினியைப் பற்றியது.

கஞ்சா பயிரிடுதலும் விற்பனையும் மக்களுக்கு விளைக்கும் கேடு குறித்து ஆராய வேண்டுமென இங்கிலாந்தின் மக்கள் மன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்னும் உறுப்பினர் 1893 மார்ச்சு 2ஆம் நாள் வினா எழுப்பினார். அதன் பயனாக மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட குழு அமைந்தது. அவர்களுள் மூவர் இந்தியர். நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894ஆம் ஆண்டில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது.

அவ்வறிக்கையில் நம் நெஞ்சைத் தைக்கும் பகுதி, மனநோய் விடுதிகளின் பதிவேடுகள் பற்றியதாகும். கஞ்சாவினால் பித்துப் பிடிக்கும் என்பதற்குச் சான்றாக அப்பதிவேடுகளே அதுவரை காட்டப்பட்டு வந்தன. குழுவினர் அவற்றை நம்பியமையவில்லை. 1892ஆம் ஆண்டில் விடுதிகளிற் சேர்க்கப்பட்ட 1,344 பேருள் 222 பேர்க்குக் கஞ்சாவே காரணம் என எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் அவரவர் ஊரிலிருந்து மீண்டும் விசாரித்தனர். அவ்விசாரணையில் தேறியவர் 98 பேரே. அவருள்ளும் கஞ்சா ஒன்றே காரணம் எனக் கருதத்தக்கவர் 61 பேர்.

எஞ்சியோர்க்குக் கஞ்சா என எழுதியவர் யார்? நோயாளியைப் பிடித்து வந்த காவலர் அனுப்பிய குறிப்பில் ‘கஞ்சாப் பழக்கம் உண்டு’ என ஒரு சொல் இருந்தால் போதும். அதுவே காரணக் கட்டத்தில் ஏறிவிடும். நாம் ‘வறுமை’ என்று எழுதியதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஓர் ஏழையின் துயரத்திற்குக் காரணம் எழுதும்போது எழுதுகோல் மிக விரைவாக ஓடுகின்றது. அதனை நிறுத்தி, ஊருக்கு ஆளனுப்பிக் கேட்பதற்குப் பொருள் வேண்டும்; பொறுமையும் வேண்டும். அப்பொருளும் பொறுமையும் சேர்ந்ததே ஆராய்ச்சி எனப்படுவது.

மிதமாகப் பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு இல்லை, மிகையாகப் பயன்படுத்துவோர்க்குக் கேடு உண்டு, ஆகவே முழுத்தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடுமே போதும் என அக்குழு முடிவு கூறியது. இன்றைய மருத்துவ அறிவு, சிறப்பாக இளம் வயதினரைக் குறித்து, அதனினும் எச்சரிக்கையாகவே பேசும். எனினும் பதிவேட்டை ஐயுற்று, ஆளைத் தேடிச் சென்ற அந்நெறி இன்றும் போற்றற்குரியதே.

பிராசி பிரபுவின் தலைமையில் அமைந்த அபினி ஆணைக்குழுவின் கதை வேறு. அபினி அன்று இந்திய அரசின் ஏகபோகம். சீனத்திற்கு ஏற்றுமதியாகிக் கருவூலத்தை நிரப்பிய பொருள். தடை செய்தால் வருவாய் எவ்வளவு குறையும், அவ்விழப்பை யார் தாங்குவது என்பனவும் அக்குழுவின் வினாக்களுள் இருந்தன. 1895ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை அபினித் தொழிலைத் தடுக்க வேண்டுவதில்லை என்றது. ஹென்றி வில்சன் என்னும் உறுப்பினர் மட்டும் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். வருவாய் பெறுபவரே நீதிபதியாகவும் அமர்ந்தால் தீர்ப்பு எவ்வாறு அமையும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதன்பின் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ரா அபினி, கஞ்சாப் பழக்கங்களை ஆய்ந்து 1930களில் நூல்கள் வெளியிட்டார். நம் நாட்டில் போதை ஆராய்ச்சியை மருத்துவ முறையில் வளர்த்த முன்னோடி அவரே.

சென்னை மாகாணமும் வருவாய்க் கவலையும்

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. கலால் வருவாய் நின்றால் பள்ளிகளை நடத்துவது எங்ஙனம் என்னும் கேள்வி உடனே எழுந்தது. குடியினால் வரும் பணத்தைக்கொண்டு குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் நிலை கொடியது எனக் காந்தியடிகள் அவ்வாண்டிலேயே எழுதினார். அவரது ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இழந்த வருவாயை ஈடு செய்யச் சென்னை அரசு 1939ஆம் ஆண்டில் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது.

அதன்பின் நடந்தவை நம் மூத்தோர் கண்டவை. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்வு. 1974இல் மீண்டும் தடை. 1981இல் மீண்டும் திறப்பு. 1983இல் மொத்த விற்பனைக்கென அரசு நிறுவனம். 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கையில். கடை திறந்தபோதும் வாதம் வருவாயைப் பற்றியது. மூடியபோதும் வாதம் ஒழுக்கத்தைப் பற்றியது. குடிக்கு அடிமையான மனிதன் ஒரு நோயாளி, அவன் நோயை அறிய அரசு பொருள் ஒதுக்க வேண்டும் என்னும் குரல் இவ்விரண்டிற்கும் இடையில் மெலிந்தே ஒலித்தது.

பெரும்பொருள் செலவிட்ட ஒரு நாடு

பொருளை மிகுதியாக ஒதுக்கிய நாட்டில் யாது நிகழ்ந்தது என்பதையும் காண்போம். அந்நாடு அமெரிக்கா. 1935ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், போதைக்கு அடிமையான கைதிகளுக்கும் தாமாக வந்தவர்க்கும் எனப் பெரியதொரு மருத்துவச் சிறையை அந்நாட்டு அரசு நிறுவியது. அங்கமைந்த ஆராய்ச்சி நிலையம் உலகிற்கு அரிய உண்மைகள் பலவற்றை அளித்தது. சில தூக்க மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதும், போதையை விட்ட பின்னும் பழைய இடமும் பழைய சூழலும் ஆசையைத் தூண்டும் என்பதும் அங்குத் தெளிவாயின.

ஆனால் அவ்வறிவு யார் உடலிலிருந்து பெறப்பட்டது? சிறைப்பட்டோர் உடலிலிருந்து. சோதனைக்கு உடன்பட்டவர்க்குப் போதை மருந்தையே கூலியாக அளித்த காலமும் உண்டு என்பது 1975ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்ட மன்ற விசாரணையில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே அங்குக் கைதிகள்மீதான சோதனை நிறுத்தப்பட்டது. அடிமைத்தனத்தை ஆராயும் இடத்திலும் அடிமைகள் இருந்தனர்.

1971இல் நிக்சன் ஆட்சி, வியத்நாம் போரிலிருந்து மீளும் வீரர்களிடையே பரவிய ஹெராயின் பழக்கத்தைக் கண்டு அஞ்சியது. அச்சத்தினூடே ஒரு நற்செயலும் நடந்தது. திரும்பிய வீரர்களைப் பின்தொடர்ந்து விசாரிக்கும் பணியை லீ ராபின்ஸ் என்னும் அறிஞரிடம் அரசு ஒப்படைத்தது. அங்கிருந்தபோது ஐவரில் ஒருவர் அடிமைப்பட்டிருந்தனர். ஊர் திரும்பிய முதலாண்டில் அவ்வாறு அடிமைப்பட்டிருந்தோருள் மீண்டும் அடிமையானவர் நூற்றுக்கு ஐவர் அளவே. சூழல் மாறியபோது பெரும்பாலோர் மீண்டனர். ‘ஒருமுறை அடிமை, என்றும் அடிமை’ என்ற பழங்கூற்றை இவ்வாய்வு தகர்த்தது.

நம் மக்களைப் ‘பிறவிக் குடிகாரர்’ என இழித்துரைப்போர் இன்றும் உளர். கூலியின் ஒரு பகுதியைக் கள்ளாகவே அளந்து கொடுத்த நிலவுடைமையாளரை அவர்கள் மறந்துவிடுவர். சாக்கடையுள் இறங்குபவனும் பிணம் சுடுபவனும் குடிக்காமல் அவ்வேலையைச் செய்ய இயலுமா என்பதையும் எண்ணார். பிறப்பு அன்று, வாழும் நிலையே பழக்கத்தைப் பிணிக்கின்றது என்று மேடையில் நாம் சொன்னால் அது சமாதானம் எனப்படும். ஆராய்ச்சி சொன்னால் சான்று எனப்படும். ஒடுக்கப்பட்டோர்க்கு ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

1974ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு போதைப் பொருள் ஆய்வுக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்றை நிறுவியது. போதைப் பொருளின் உடல்நலக் கேடு குறித்து உலகில் நடைபெறும் ஆராய்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் தன் பொருளுதவியால் நடப்பதாக அந்நிறுவனம் கூறி வந்துள்ளது. ஆயினும் அறிவுக்கு அஞ்சாத சட்டங்களும் அங்கே பிறந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டம், தூளாக விற்கும் கொக்கெயின் 500 கிராமுக்கு விதித்த குறைந்தபட்சத் தண்டனையை, கட்டியாக விற்கும் அதே பொருள் 5 கிராமுக்கே விதித்தது. கட்டிக்காகச் சிறை சென்றோருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை இல்லை என வல்லுநர் எடுத்துரைத்தும், 2010இல்தான் அது நூற்றுக்கு ஒன்று என்பதிலிருந்து பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைந்தது. பிற்காலத்தில் வெள்ளையர் குடும்பங்களில் வலி மாத்திரைகளால் சாவு பெருகியபோது, 2018இல் ஆராய்ச்சிக்கென ஆண்டுக்கு 50 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. ஒருவர் வீட்டில் நிகழ்ந்தால் குற்றம், மற்றொருவர் வீட்டில் நிகழ்ந்தால் நோய் என்று அங்குள்ள கறுப்பின மக்கள் கேட்டது நமக்கும் புரியாத மொழியன்று.

நம் நாட்டின் இன்றைய நிலை

அமெரிக்கப் பணம் அந்நாட்டு நோயையே முதலில் ஆராயும், அது இயல்பு. நம் ஊர்ச் சாராயத்தையும், நம் கூலியையும், நம் சேரியையும் நம் அரசன்றி யார் ஆராய்வர்?

1985ஆம் ஆண்டில் போதைப் பொருள் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின்கீழ் போதை மீட்பு மையம் தோன்றியது. பெங்களூர் மனநல நிறுவனமும் இத்துறையில் பெரும்பணி ஆற்றி வருகின்றது. ஆயினும் நாடு தழுவிய முதற்கணக்கெடுப்பு 2004இல்தான் வெளியாயிற்று. அடுத்தது வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2019இல் வெளியான அவ்வறிக்கைக்காக 2,00,111 வீடுகளில் விசாரணை நடந்தது. 10 முதல் 75 வயது வரை உள்ளோருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவோர், அவருள் 5.7 கோடிப் பேர் அதனாற் கேடுற்று உதவி வேண்டி நிற்போர். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். எஞ்சிய 37 பேரும் நம் மாணவனின் தந்தையைப் போன்றோர்.

அண்ணலின் கணக்கை இன்று நாமும் இட்டுப் பார்ப்போம். 2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் தமிழக அரசு பெற்ற வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மக்கள் ஏழரைக் கோடி எனக் கொண்டால் தலைக்கு 6,000 ரூபாய். போதைத் தேவையைக் குறைக்கும் திட்டத்திற்கு இந்தியா முழுமைக்கும் மத்தியச் சமூக நீதி அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் ஒதுக்கியது ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ரூபாய். மதுவால் கேடுற்ற 5.7 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 53 ரூபாய். இதிலேயே சிகிச்சையும் விளம்பரமும் ஆய்வும் அடங்கும். நலவாழ்வுத் துறையின் செலவு தனி என்பதையும், மது வருவாயிலிருந்து நலத்திட்டங்கள் நடைபெறுகின்றன என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் 6,000க்கும் 53க்கும் உள்ள தொலைவை எந்தச் சமாதானமும் குறைக்காது. இத்திட்டத்தை நடத்தும் அமைச்சகமே நம் பிள்ளைகளின் கல்வி உதவித் தொகைக்கும் பொறுப்பானது என்பதை இங்கு நினைவில் கொள்க.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோர் கூலி வேலை செய்வோர். நம் மக்கள் பலர். குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் என அரசு உதவி அறிவித்தது. அது வேண்டியதே. ஆனால் கடைச்சரக்கு இருக்கும்போதே ஏழைத் தொழிலாளி ஏன் நச்சை நாடுகின்றான், விலையா, வேலையா, உடல்வலியா என்பதை முன்னரே கேட்டு அறியச் செலவிட்டிருந்தால், அப்பத்து இலட்சத்தில் ஒரு சிறு பகுதியே போதுமாயிருந்திருக்கும்.

நாம் வேண்டுவன

கலால் வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கு, சிறிதேயாயினும், போதை நோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் எனச் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாவட்டந்தோறும் நடைபெற வேண்டும். ஆராயப்படுவோர் நாமாகவும் ஆராய்வோர் பிறராகவும் இருக்கும் நிலை மாற வேண்டும். லெக்சிங்டன் தரும் பாடம் அதுவே.

இம்மூன்றனுள் கடைசியது நம் கையில் உள்ளது. நமது சங்கத்தின் துணையால் பயின்றோர் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கின்றனர். இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளுட் சிலர் மருத்துவராகவும், புள்ளியியல் வல்லுநராகவும், செவிலியராகவும் இத்துறையிற் புக வேண்டும். தம் தெருவிலேயே வீடுதோறும் சென்று கேட்க அவர்களினும் தகுதியுடையோர் யாவர்?

நாமும் நம் குறையைத் திருத்திக்கொண்டோம். இப்பொழுது ஒரு மாணவன் பள்ளிக்கு வராது நின்றால், அவன் வீட்டுப் படியேறாமல் காரணக் கட்டத்தை நிரப்புவதில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியர்களையும் அவ்வாறே செய்யப் பணித்துள்ளோம். கேட்ட பின்னர் எழுதும்போது எழுதுகோல் மெல்லவே நகர்கின்றது. நகர்ந்தால் நகரட்டும்.

வெள்ளி விழாக் கண்ட நமது சங்கம் பொன் விழாவும் காண்க. அம்மலரை வெளியிடுவோர் இக்கணக்கை மீண்டும் இட்டுப் பார்ப்பாராக. அன்று அத்தொலைவு குறைந்திருக்குமாக.